நாமகிரித் தாயாரும் ராமானுஜனின் சிலேட்டும்

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள். 2012 முதல் அது தேசியக் கணித நாள். நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் அன்றைக்கு ஒரு விழா நிச்சயம் இருக்கும். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கும் மேடையில் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள்.

வருஷா வருஷம் அந்த மேடைகளில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். முதல் பேச்சாளர், "ராமானுஜன் எங்கே கணக்குப் போட்டார்? நம்ம ஊர் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னார், அவர் எழுதி வைத்தார்" என்பார். கைதட்டல் விழும். அடுத்து வருபவர், "தாயாராவது கனவாவது! அது கோடியில் ஒருவருக்கு அமைகிற மூளை" என்பார். அதற்கும் கைதட்டல். கீழே தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இரண்டையும் கேட்டுவிட்டு ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: இது நமக்கு ஆகிற காரியம் இல்லை. தாயார் நம் கனவில் வரவில்லை, அந்த மூளையும் நமக்கு வாய்க்கவில்லை.

ஒரு விழா முடிந்து கிளம்பும்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து கேட்டாள்: "ஏனுங் சார், எல்லாமே தாயாரு சொன்னதுன்னா, அதுல அவரு போட்ட கணக்கு எதுங்க சார்?"

தத்துவம் படித்தவர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கேட்டுவரும் கேள்விதான் அது. நம் மனதில் தோன்றும் எண்ணம் நம்முடையதா? அது எங்கிருந்து வருகிறது? நாம் அதை உண்டாக்குகிறோமா, ஏற்கெனவே இருப்பதைப் பார்க்கிறோமா? மூளையைப் பற்றிய ஆய்வுகள் கடந்த நாற்பது, ஐம்பது வருஷங்களில் இந்தக் கேள்விகளின் மேல் கொஞ்சம் வெளிச்சம் போட்டிருக்கின்றன. அதற்கு ராமானுஜனைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது, நாமக்கல்லைவிடப் பொருத்தமான ஊரும் கிடைக்காது. முதலில் வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

கனவும் கப்பலும்

ராமானுஜன் 1887-இல் ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். ஆனால் குடும்பம் கும்பிட்ட தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நாமக்கல் ஊர் நடுவில் ஒற்றைப் பாறையாக ஒரு குன்று, அதன் உச்சியில் கோட்டை. குன்றின் ஒரு பக்கம் நரசிம்மர் குடைவரை, மறுபக்கம் அரங்கநாதர் குடைவரை. இரண்டும் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பார்கள். நரசிம்மர் கோயிலில் தனிச் சன்னிதியில் இருப்பவர்தான் நாமகிரித் தாயார். கோயிலுக்கு எதிரே மேற்கூரை இல்லாமல் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரைத்தான் இப்போது வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியும்.

கல்யாணமாகிச் சில காலம் கோமளத்தம்மாளுக்குக் குழந்தை இல்லை. நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்ட பிறகு பிறந்த பிள்ளை ராமானுஜன் என்பது குடும்பத்தார் சொன்ன செய்தி. பாட்டி ரங்கம்மாளுக்குத் தாயாரின் அருள் வரும் என்றும், "மகள் வயிற்றுப் பேரன் மூலமாகத் தாயார் பேசுவாள்" என்று அவர் சொல்லியிருந்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. சாமி வந்து வாக்குச் சொல்வது நம் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. ஒருவர் வாயிலிருந்து வரும் சொல் அவருடைய சொல்லாக இல்லாமலும் இருக்கலாம் என்பது சாதாரண விஷயமாக இருந்த வீட்டில் அந்தப் பையன் வளர்ந்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

கனவு பற்றிய செய்திக்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு. ராமானுஜனின் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து 1927-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. அதில் வாழ்க்கைக் குறிப்பு எழுதியவர்கள் இருவர். ஒருவர் பி.வி. சேஷு ஐயர், கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் சொன்னவர். மற்றவர் ஆர். ராமச்சந்திர ராவ், நெல்லூர் கலெக்டராக இருந்து அவருக்குப் பண உதவி செய்தவர். நாமக்கல் தாயார் கனவில் சூத்திரங்களைத் தருவதாக ராமானுஜன் சொல்வார் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அடுத்து இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்கள்: படுக்கையிலிருந்து எழுந்ததும் அவற்றைக் குறித்துக்கொண்டு, சரிதானா என்று வேகமாகச் சோதித்துப் பார்ப்பார். மேடைகளில் முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள். இரண்டாம் பாதி எப்படியோ விட்டுப்போகிறது.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அழைத்தார். கடல் தாண்டுவது ஆசாரக் குடும்பத்துக்குப் பெரிய தடை. அந்தத் தடை நீங்கியதற்கு இரண்டு விதமாகக் கதை சொல்கிறார்கள். அம்மாவின் கனவில் தாயார் வந்து, மகனின் வழியில் குறுக்கே நிற்காதே என்றார் என்பது ஒன்று. ராமானுஜனே நாமக்கல் வந்து மூன்று இரவு கோயிலில் படுத்து உத்தரவு பெற்றார் என்பது மற்றொன்று. எதுவாக இருந்தாலும் 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியபோது அவர் அதில் இருந்தார்.

ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ராமானுஜனோடு ஐந்து வருஷம் பழகியவர். தாயார் தந்தார் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. ராமானுஜன் மற்ற பெரிய கணித மேதைகளைப் போலவே சிந்தித்தவர், மர்மம் ஒன்றும் இல்லை என்பதே அவர் கட்சி. ஆனால் அதே ஹார்டி, இந்த முடிவுக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால் ராமானுஜனால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். தாயாரை விலக்கியாயிற்று. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஹார்டியாலும் சொல்ல முடியவில்லை.

தூக்கத்தில் என்ன நடக்கிறது?

எண்ணம் 'வந்து விழுவது' ராமானுஜனுக்கு மட்டும் நடந்ததல்ல. பிரெஞ்சுக் கணித மேதை பொயின்கரே தன் அனுபவத்தை 1908-இல் விவரித்தார். ஒரு கணக்கோடு பல நாள் மல்லுக்கட்டிவிட்டு, அதை மறந்து வெளியூர்ப் பயணம் போனார். கூத்தான்ஸ் என்ற ஊரில் குதிரை வண்டியில் ஏறப் படியில் கால் வைத்த அந்த நொடியில் விடை பளிச்சென்று வந்தது. அவர் கனவும் காணவில்லை, தெய்வத்தையும் சொல்லவில்லை. தன்னுள் தனக்கே தெரியாமல் ஏதோ வேலை பார்த்தது என்றார். அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்: முன்னால் தெரிந்து உழைத்த உழைப்பு இல்லாவிட்டால் இந்தத் தெரியாத வேலை நடக்காது. பின்னால் உட்கார்ந்து சரிபார்க்காவிட்டால் அதனால் பயனும் இல்லை.

பொயின்கரே சொன்னது ஒருவருடைய அனுபவம். 2004-இல் ஜெர்மனியில் லூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதனையாகவே செய்தார்கள். சில எண்களைக் கொடுத்து, ஒரு விதிப்படி படிப்படியாக விடை காணச் சொன்னார்கள். அதற்குள் ஒரு குறுக்குவழி ஒளிந்திருக்கிறது, யாரும் சொல்லித் தரவில்லை. கொஞ்ச நேரம் பழகியபின் ஒரு குழுவைத் தூங்கவிட்டார்கள். மற்றவர்கள் எட்டு மணி நேரம் விழித்திருந்தார்கள். திரும்பக் கணக்கைக் கொடுத்தபோது, தூங்கி எழுந்தவர்களில் 59 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்திருந்தவர்களில் 23 சதவீதம்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. கணக்கை முன்னால் பழகாமல் தூங்கியவர்களையும் அவர்கள் சோதித்தார்கள். அவர்களுக்குத் தூக்கத்தால் ஒரு லாபமும் இல்லை. பகலில் போட்டுப் பார்க்காத கணக்குக்கு ராத்திரியில் விடை வருவதில்லை. தூங்கும்போது மூளை பகலில் கிடைத்ததைத்தான் திரும்ப எடுத்து அடுக்கிப் பார்க்கிறது. அடுக்குவதற்குச் சரக்கு வேண்டும் அல்லவா?

அதே வருஷம் அமெரிக்காவில் ஜங்-பீமன், கூனியோஸ் ஆகியோர் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். சொற்புதிர் கொடுத்து, விடை திடீரென்று தோன்றியதா, யோசித்து யோசித்து வந்ததா என்று கேட்டார்கள். தலையில் மின்முனைகள் பொருத்தியிருந்தது. விடை பளிச்சென்று தோன்றிய தருணங்களில், பொத்தானை அமுக்குவதற்குச் சுமார் 0.3 நொடி முன்பு மூளையின் வலப்பக்கப் பொட்டுப் பகுதியில் வேகமான மின்னலைகள் எழுந்தன. அதற்கும் சற்று முன்பு, பார்வைக்கான பின்பகுதி கொஞ்சம் அடங்கியது. கணக்கு வராதபோது கண்ணை மூடிக்கொள்கிறோமே, அதை மூளை உள்ளுக்குள்ளேயே செய்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, 'திடீரென்று' என்பது நமக்குத்தான் திடீர். மூளைக்கு அது நடந்துகொண்டிருந்த வேலையின் முடிவு.

இப்போது ராமானுஜனிடம் வாருங்கள். அவர் சரக்கு எவ்வளவு? பதினாறு வயது வாக்கில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான கணித முடிவுகள், பெரும்பாலும் நிறுவல் இல்லாமல் வரிசையாகக் கொடுத்திருக்கும். அவற்றைத் தானே போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பைத்தியத்தில் மற்ற பாடங்கள் போயின. எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் போட்டு, துணி எடுக்க நேரமில்லாமல் முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அழித்து அழித்து முழங்கை தடித்துக் கறுத்துப் போயிருந்தது என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட் அவற்றை நிறுவிப் பதிப்பிக்க எடுத்துக்கொண்ட காலம் இருபது வருஷம். ஐந்து தொகுதிகள், 1985 முதல் 1998 வரை.

நோட்டில் விடை மட்டும் இருக்கிறது, வழி இல்லை. அதனால்தான் விடைகள் ஆகாயத்திலிருந்து விழுந்தவை போலத் தோன்றுகின்றன. வழியெல்லாம் சிலேட்டில் இருந்தது, சிலேட்டை முழங்கை அழித்துவிட்டது.

கோழிப் பண்ணையும் மண்வெட்டியும்

சரி, எண்ணம் எப்படி வந்தது என்று எண்ணியவருக்கே தெரியாதென்றால், காரணம் கேட்கும்போது அவர் என்ன சொல்வார்? இங்கேதான் மூளை ஆய்வின் ஒரு புகழ்பெற்ற சோதனை வருகிறது. நாமக்கல்காரர்களுக்கு அது பிடிக்கும்.

கடுமையான வலிப்பு நோய்க்காகச் சிலருக்கு மூளையின் இடது, வலது பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுவை செய்து துண்டித்திருந்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் கசானிகா, லெடூ என்ற ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஒருவருக்கு இரண்டு படங்களைக் காட்டினார்கள். இடது மூளைக்கு மட்டும் தெரியும்படி ஒரு கோழிக்கால், வலது மூளைக்கு மட்டும் தெரியும்படி பனி மூடிய வீடு. பிறகு, பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னார்கள். வலது கை கோழிப் படத்தை எடுத்தது. இடது கை மண்வெட்டியை எடுத்தது, அந்த ஊரில் பனியை வாருவது அதனால்தான். ஏன் இவற்றை எடுத்தாய் என்று கேட்டார்கள். பேசுவது இடது மூளை, அது பனியைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் தயங்கவில்லை. கோழிக்காலுக்குக் கோழி, கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வெட்டி என்று சொல்லிவிட்டது.

நம்ம ஊரில் யாரும் இந்தப் பதிலைச் சந்தேகப்படமாட்டார்கள், பண்ணையில் தினமும் நடப்பதுதான். ஆனால் அது உண்மையான காரணம் இல்லை. சொன்னவர் பொய் சொல்லவும் இல்லை, அவர் அதை நம்பினார். உள்ளே நடந்தது தெரியாதபோது, தெரிந்ததை வைத்து ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ளும் வேலையை இடது மூளை செய்கிறது என்றார் கசானிகா. பாலம் துண்டிக்கப்படாத நமக்கும் இது ஓரளவு நடக்கிறது என்பது அவர் கருத்து.

இதை வைத்துக்கொண்டு, "ஆகவே நாமகிரித் தாயார் என்பது ராமானுஜனின் இடது மூளை கட்டிய கதை" என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வளவு தூரம் போக எனக்கு உடன்பாடில்லை. சோதனை காட்டுவது இதுதான்: தன் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் சொல்லும் சாட்சியம், நேரில் பார்த்த சாட்சியம் ஆகாது. அவரவர் வீட்டில் வளர்ந்த சொல்லால்தான் அதைச் சொல்ல முடியும். பாட்டிக்கு அருள் வரும் வீட்டில் வளர்ந்தவர் தாயார் என்றார், பாரிஸில் படித்தவர் தனக்குத் தெரியாத மனம் என்றார், ஹார்டி மேதைமை என்றார். மூவருமே உள்ளே இறங்கிப் பார்த்தவர்கள் அல்லர். தாயாரை நம்புகிறவர், "மூளை வழியாகச் சொன்னதும் அவள்தான்" என்றால், அதை மறுக்க எந்தக் கருவியாலும் ஆகாது. அதை நிரூபிக்கவும் எந்தக் கருவியாலும் ஆகாது.

நிச்சயம் வேறு, நிஜம் வேறு

கனவில் வந்ததெல்லாம் சரியாக இருந்ததா? இதை மேடையில் யாரும் கேட்பதில்லை. ராமானுஜனுக்கும் தவறு நேர்ந்திருக்கிறது. ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலேயே, குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்கு ஏறக்குறையத் துல்லியமான வழி கண்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார். சிறிய எண்களுக்கு அது பிரமாதமாகப் பொருந்தியது. பெரிய எண்களுக்கு அவர் சொன்ன அளவு துல்லியம் இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. பகா எண்கள் அப்படி ஏமாற்றும். பகா எண்களின் எண்ணிக்கைக்குக் கவுஸ் தந்த ஒரு மதிப்பீடு, அட்டவணைகளில் பார்த்த இடமெல்லாம் உண்மை எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. எப்போதும் அப்படித்தான் என்று எவருக்கும் தோன்றும். 1914-இல், ராமானுஜன் போய்ச் சேர்ந்த அதே டிரினிட்டி கல்லூரியின் லிட்டில்வுட், அது எண்ணற்ற முறை மாறிவிழும் என்று நிறுவினார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே மாதிரி இருந்தது, எட்டாத தூரத்தில் மாறியது.

மூளை பழகிய இடத்தில் நன்றாக ஊகிக்கும். பழக்கம் எட்டாத இடத்திலும் அதே நிச்சயத்தோடு ஊகிக்கும். 'இது சரி' என்ற உணர்வு சரியான விடைக்கும் வருகிறது, தவறான விடைக்கும் வருகிறது. அது மூளையின் ஒரு நிலை மட்டுமே, முத்திரை குத்திய சான்றிதழ் அல்ல. மனதைப் பற்றிய தத்துவத்துக்கு மூளை ஆய்வு தந்த பாடங்களில் இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். உள்ளுணர்வு உண்மையை நேராகத் தொடுகிறது என்று நம்பிய ஞானிகளும் உண்டு, அறிஞர்களும் உண்டு. பகா எண்கள் அந்த நம்பிக்கைக்கு ஒரு கடிவாளம் போடுகின்றன.

ராமானுஜன் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார் என்பதற்கு ஒரு கணக்கு சாட்சி. 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். 200 என்ற எண்ணை? ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து இதற்கு ஒரு சூத்திரம் கண்டு 1918-இல் வெளியிட்டார்கள். கணக்குப் போடுவதில் அசகாய சூரரான மக்மஹோன் என்பவர் கையாலேயே படிப்படியாகப் போட்டு வைத்திருந்த விடை 3,972,999,029,388. சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் அதே எண், வித்தியாசம் 0.004 மட்டுமே. இப்படி ஒரு சூத்திரம் இருக்கும் என்ற நிச்சயம் ராமானுஜனுடையது, நிறுவும் முறை ஹார்டியுடையது, சரிபார்த்தது மக்மஹோனின் பொறுமை.

அழகும் அவலட்சணமும்

2014-இல் லண்டனில் நரம்பியலாளர் செமிர் ஜெகி ஒரு வேடிக்கையான ஆய்வு செய்தார். புகழ்பெற்ற கணித மேதை மைக்கேல் அதியாவும் அதில் பங்காளி. 15 கணிதவியலாளர்களிடம் 60 சூத்திரங்களைக் கொடுத்து, அழகா இல்லையா என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அவற்றைக் காட்டினார்கள். அழகு என்று சொன்ன சூத்திரத்தைப் பார்க்கும்போது, கண்குழிக்கு மேலே உள்ள முன்மூளையின் ஒரு பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. நல்ல இசையைக் கேட்கும்போதும், நல்ல ஓவியத்தைப் பார்க்கும்போதும் செயல்படும் அதே பகுதி.

எந்தச் சூத்திரம் முதலிடம்? ஆய்லரின் சமன்பாடு. எது கடைசி? நம் ராமானுஜனின் பை சூத்திரம்! 1914-இல் அவர் வெளியிட்ட, 1/π-க்கான முடிவிலித் தொடர். எனக்கு முதலில் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சூத்திரத்தைப் பார்த்தால் அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. 9801, 1103, 26390, 396 என்று லாரி நம்பர் மாதிரி எண்கள் வந்து நிற்கும். ஏன் இந்த எண்கள் என்று பார்த்தவுடன் யாருக்கும் தெரியாது.

அந்த அவலட்சணம் செய்த வேலையைப் பாருங்கள். முதல் உறுப்பை மட்டும் எடுத்தாலே பை 3.1415927 என்று வந்துவிடும். ஒவ்வொரு உறுப்பும் ஏறக்குறைய எட்டு இலக்கங்களைச் சேர்க்கும். 1985-இல் அமெரிக்கரான கோஸ்பர் இதைக் கம்ப்யூட்டரில் போட்டு 1 கோடியே 75 லட்சம் இலக்கங்கள் வரை பையைக் கணக்கிட்டார். அப்போது அந்தச் சூத்திரத்துக்கு முழு நிறுவல்கூட வெளியாகவில்லை, 1987-இல்தான் போர்வைன் சகோதரர்கள் அதைத் தந்தார்கள்.

அழகு என்பது பார்க்கிறவரின் மூளையில் நடப்பது என்று ஜெகியின் ஸ்கேன் காட்டியது. சூத்திரம் உண்மையா என்பதை அந்த ஸ்கேன் காட்டவில்லை. பதினைந்து பேர் முகம் சுளித்தாலும் பையின் மதிப்பு மாறவில்லை.

கணிதம் எங்கே இருக்கிறது?

இது நம்மைக் கடைசிக் கேள்விக்குக் கொண்டுவருகிறது. ராமானுஜன் உண்டாக்கினாரா, கண்டெடுத்தாரா? ஹார்டிக்குச் சந்தேகமே இல்லை. கணித உண்மை நமக்கு வெளியே இருக்கிறது, நாம் போய்ப் பார்த்துக் குறிப்பெடுக்கிறோம் என்பது அவர் கொள்கை. கடவுளை நம்பாத ஹார்டியும், ஒவ்வொரு சமன்பாட்டிலும் கடவுளின் எண்ணத்தைப் பார்த்த ராமானுஜனும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி என்பது விசித்திரம்தான்.

எதிர்க்கட்சிக்குப் பேசியவர் பிரெஞ்சு நரம்பியலாளர் ஷான்ஷூ. கணிதம் மூளை உண்டாக்கியது, மூளைக்கு வெளியே அதற்கு இருப்பு இல்லை என்றார். கணித மேதை அலேன் கோன் அவரை எதிர்த்து வாதாடினார். அந்த உரையாடல் 1989-இல் புத்தகமாக வந்தது. முடிவு? இருவரும் தத்தம் கட்சியிலேயே இருந்தார்கள்.

பிறகு 2016-இல் அமால்ரிக், டிஹேன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். கணிதவியலாளர் 15 பேர், அதே அளவு படித்த வேறு துறையினர் 15 பேர். உயர்கணித வாக்கியங்களைக் காதில் சொல்லி, சரியா தவறா பொருளற்றதா என்று கேட்டார்கள். கணிதவியலாளர்களின் மூளையில் வேலை செய்தது மொழிக்கான பகுதி அல்ல. எண்ணவும் அளவை உணரவும் நம் எல்லோருக்கும் உள்ள பகுதிகள்தான், உச்சந்தலைக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் இருப்பவை முக்கியமாக. சந்தையில் கோழி முட்டை எண்ணும்போது வேலை செய்யும் இடமும் உயர்கணிதம் வேலை செய்யும் இடமும் ஒரே பேட்டை.

இந்த முடிவு கணிதம் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்ற வழக்கைத் தீர்க்கவில்லை. கொல்லிமலையைப் பார்க்கும்போது மூளையில் எங்கே வேலை நடக்கிறது என்று படம் பிடித்தால், மலை மூளைக்குள் இருக்கிறது என்று ஆகிவிடுமா? ஆனால் இன்னொரு வழக்கை ஓரளவு தீர்த்தது. மேதைக்கென்று தனி உறுப்பு ஒன்றும் அந்தப் படங்களில் தென்படவில்லை. இருப்பதையே பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மேதையின் மூளையைத் தனியாக வைத்துப் பார்க்கும் ஆசையும் பழையதுதான். 1855-இல் இறந்த கவுஸின் மூளையை ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் ஜாடியில் போட்டு வைத்தார்கள். 2013-இல் ஒரு ஆய்வாளர் உற்றுப் பார்த்தபோது, அது அதே வருஷம் இறந்த ஃபுக்ஸ் என்ற மருத்துவருடைய மூளை என்று தெரிந்தது. ஜாடி மாறிப்போயிருந்தது! நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் கவுஸ் என்ற பெயர் தாங்கிய ஜாடியில் வேறொருவர் இருந்திருக்கிறார். 1955-இல் இறந்த ஐன்ஸ்டீனின் மூளையையும் எடுத்து வைத்து, துண்டு போட்டு ஆராய்ந்தார்கள். அதில் கண்டதாகச் சொன்னவை பற்றி இன்றும் சர்ச்சை இருக்கிறது. ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். அவரைத் தகனம் செய்துவிட்டார்கள். ஆராய ஜாடி ஒன்றும் இல்லை. அது நல்லதுதான் என்பேன். அவர் மூளையில் நடந்ததைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நோட்டுகள் இருக்கின்றன.

ஆகவே மேடையில் பேசப்போகிற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். தாயாரைச் சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். அவர் தன் வாயால் சொன்ன பெயரை நாம் ஏன் மறைக்க வேண்டும்? மூளையைச் சொல்கிறவர்களும் சொல்லட்டும். ஆனால் இரண்டு பேரும் மறக்காமல் சிலேட்டைச் சொல்லுங்கள். பகலெல்லாம் போட்ட கணக்கைச் சொல்லுங்கள், எழுந்தவுடன் சரிபார்த்ததைச் சொல்லுங்கள், பகா எண்ணில் தவறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத் தத்துவமும் மூளை ஆய்வும் இன்னும் நெடுநாள் விடை தேடும். வந்த எண்ணத்தை வரவேற்க முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும் என்பதில் மட்டும் எந்தச் சர்ச்சையும் இல்லை. அதற்கு ஒரு சிலேட்டும் பொறுமையும் போதும், இரண்டும் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கும்.